விலங்குப் பண்ணையில் யார் பிழைத்தார்கள்? பரப்புரையை நம்பியோரையும் ஐயுற்றோரையும் கணக்கெடுத்துப் படிக்கும் முறை

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி, 1945 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் வெளிவந்து, தமிழில் 'விலங்குப் பண்ணை' என்று அறியப்படும் சிறு நாவலைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும் மாணவர் பெரும்பாலும் கையில் ஒரு வாய்பாட்டோடுதான் உட்காருகிறார். பரப்புரையை நம்பியவர் அழிந்தார், கேள்வி கேட்டவர் தப்பினார் என்பதே அந்த வாய்பாடு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாளியை விரட்டிய விலங்குகளின் பண்ணையில் பன்றிகள் ஆட்சியைப் பிடிக்கும் இந்த நாவல் அப்படி நடப்பதில்லை. வாய்திறந்து மறுப்புச் சொன்ன நான்கு இளம்பன்றிகள் ஏழாம் அத்தியாயத்தில் நாய்களுக்கு இரையாகின்றன. எதையுமே கேட்காத செம்மறியாட்டு மந்தை பத்தாம் அத்தியாயத்திலும் நிறைந்த தொண்டையோடு கத்திக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் அறிந்தும் வாய்மூடிக் கிடந்த கழுதை நெடுநாள் வாழ்கிறது. இந்த மூன்றையும் ஒரே வாய்பாட்டுக்குள் அடக்க முடியாது. நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் இந்தக் கதையில் உண்மையில் என்ன தொடர்பு என்பதை வாசகர் தாமே கண்டறிவதற்கான ஒரு முறையைக் கீழே விளக்குகிறேன். தனியாகப் படிப்பவருக்கும் வாசிப்பு வட்டம் நடத்துபவருக்கும் இது ஒன்றுபோலப் பயன்படும்.

கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்

நாவலை ஒருமுறை முழுதாகப் படித்து முடித்த பிறகு, இரண்டாம் வாசிப்பைப் பத்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பல ஆண்டுகள் கழிந்துவிட்டன என்று கூறும் அந்தப் பகுதியில், புரட்சிக்கு முந்தைய நாட்களை நினைவில் வைத்திருப்பவர் யார் யார் என்று ஆசிரியர் ஒரு பட்டியலையே தருகிறார். பெண்குதிரை குளோவர், கழுதை பெஞ்சமின், அண்டங்காக்கை மோசஸ், சில பன்றிகள் ஆகியோரைத் தவிர வேறு எவரும் மிஞ்சவில்லை. வெள்ளாடு மியூரியல் இறந்துவிட்டது. பழைய நாய்கள் மூன்றும் இறந்துவிட்டன. விரட்டப்பட்ட முதலாளி ஜோன்ஸும் எங்கோ இறந்துவிட்டார். நெப்போலியனால் விரட்டப்பட்ட பன்றி ஸ்னோபாலையும் கடும் உழைப்பாளியான குதிரை பாக்ஸரையும் சிலரைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மிஞ்சியவர்களின் இந்தப் பட்டியல்தான் உங்கள் ஆய்வுக்கு அடித்தளம். ஒரு தாளில் இந்தப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கான விடையை எழுதுங்கள். இவர் பரப்புரையை நம்பினாரா? நம்பவில்லையென்றால் அதை யாரிடமாவது சொன்னாரா? ஆட்சியில் இருப்பவர்களுக்கு இவரால் என்ன பயன்? மூன்றாம் கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் முன்பு சொன்ன வாய்பாட்டில் போய் விழுகிறார்கள். மோசஸ் உழைப்பதே இல்லை. மேகங்களுக்கு அப்பால் சர்க்கரை மலை ஒன்று இருக்கிறது என்று கதை சொல்லிக்கொண்டு திரிகிறது. பன்றிகள் அந்தக் கதைகள் பொய் என்று வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. ஆயினும் அதற்கு நாள்தோறும் ஓர் அளவு பீர் கொடுத்துப் பண்ணையிலேயே வைத்துக்கொள்கின்றன. அங்கே நம்பிக்கையும் ஐயமும் ஒரு பொருட்டே இல்லை. பசித்த விலங்குகள் மறுமையை நினைத்து ஆறுதலடைந்தால் ஆள்பவருக்கு நல்லது; மோசஸின் உயிருக்கு அதுவே காப்பு.

இறப்புப் பதிவேடு

அடுத்ததாக, நாவலில் இறந்த ஒவ்வோர் உயிரையும் அத்தியாய வரிசையில் பதியுங்கள். சலிப்பூட்டும் வேலைபோலத் தோன்றினாலும், பாதி நாவல் இந்தப் பதிவேட்டிலேயே பிடிபட்டுவிடும். புரட்சிக்கு வித்திட்ட முதிய பன்றி மேஜர் உறக்கத்திலேயே அமைதியாக இறக்கிறார். மனிதரோடு நடக்கும் மாட்டுக்கொட்டகைச் சண்டையில் ஓர் ஆடு இறக்கிறது. காற்றாலைச் சண்டையில் ஒரு பசுவும் மூன்று ஆடுகளும் இரண்டு வாத்துகளும் இறக்கின்றன. இந்தச் சண்டைச் சாவுகள் எதிரியின் கையால் வந்தவை. இவற்றுக்கு நடுவே, ஏழாம் அத்தியாயத்திலும் அதை ஒட்டியும் நிகழும் சாவுகள் பண்ணையின் உள்ளேயே நடப்பவை.

அவற்றுள் கோழிகளின் சாவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 400 முட்டைகளை வெளியே விற்பதற்குப் பண்ணையை ஆளும் பன்றி நெப்போலியன் ஒப்பந்தம் செய்துகொண்டதை அறிந்த கோழிகள், அடைகாக்க வைத்திருந்த முட்டைகளைப் பறிப்பது கொலை என்று எதிர்க்கின்றன. விட்டத்தில் ஏறி முட்டையிட்டு அவை தரையில் விழுந்து உடையும்படி விடுகின்றன. புரட்சிக்குப் பிறகு கலகம் என்று சொல்லத்தக்க முதல் செயல் இதுதான். நெப்போலியன் தீவனத்தை நிறுத்துகிறான். கோழிக்கு ஒரு தானியம் கொடுத்தாலும் மரண தண்டனை என்று அறிவிக்கிறான். ஐந்து நாள் தாக்குப்பிடித்துப் பணிந்துவிடும் கோழிகளில் ஒன்பது இறக்கின்றன. அவை நோயால் இறந்ததாகச் செய்தி பரப்பப்படுகிறது. இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது கோழிகளின் துணிச்சலை மட்டுமன்று. அந்த ஐந்து நாட்களில் மற்ற விலங்குகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும்தான். ஆசிரியர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எவரும் ஒரு தானியத்தை நீட்டியதாகக் கதையில் இல்லை. அந்த மௌனத்தையும் பதிவேட்டில் ஒரு பதிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னர் வரும் களையெடுப்பில் நான்கு பன்றிகள், கலகத்துக்குத் தலைமை தாங்கிய மூன்று கோழிகள், ஒரு வாத்து, சில ஆடுகள் எனப் பலர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டு கொல்லப்படுகிறார்கள். கொல்லப்பட்டவர்களில் யார் முன்பு கேள்வி கேட்டவர், யார் கேட்காதவர் என்று பிரித்துப் பாருங்கள். பன்றிகளும் கோழிகளும் எதிர்த்தவர்கள். ஆனால் ஆறு கதிர்களை ஒளித்துவைத்து இரவில் தின்றதாகச் சொல்லும் வாத்தும், குடிநீர்க் குட்டையில் சிறுநீர் கழித்ததாகச் சொல்லும் ஆடும் அதற்கு முன் எதையும் எதிர்த்ததாகக் கதையில் இல்லை. பரப்புரையை முழுக்க நம்பியதனால்தான் அவை தங்கள்மீதே குற்றம் சுமத்திக்கொண்டனவோ என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. துரோகி எங்கும் இருக்கிறான் என்று நாள்தோறும் கேட்டுவந்த உயிர், ஒருநாள் அந்தத் துரோகியைத் தன் உள்ளேயே கண்டுபிடித்துவிடுகிறது. எட்டாம் அத்தியாயத்தில் ஸ்னோபாலின் சதியில் தனக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டு நச்சுப்பழம் விழுங்கி மாளும் ஆண்வாத்தையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்க்வீலரின் பேச்சை நான்காக உடையுங்கள்

பரப்புரை எப்படி வேலை செய்கிறது என்று எழுதச் சொன்னால், நெப்போலியனுக்காகப் பேசும் பன்றி ஸ்க்வீலர் நாவன்மை மிக்கவன், கறுப்பை வெளுப்பாக்கக் கூடியவன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது அவனைப் பற்றிப் பிறர் சொன்ன வருணனையே தவிர விளக்கம் ஆகாது. அவன் பேசும் இடங்களில் ஐந்தையாவது எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: விலங்குகளின் மனத்தில் எழுந்த ஐயம் என்ன, அவன் அதற்கு நேரடியாக விடை சொன்னானா, அவன் பேசும்போது அருகில் யார் நின்றார்கள், அடுத்த நாள் என்ன மாறியது.

பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்ற முதல் ஏமாற்றில் அவன் அருகில் நாய்கள் இல்லை. மூளையுழைப்புச் செய்பவர்களுக்கு அவை தேவை என்கிறான், ஜோன்ஸ் திரும்பி வரவேண்டுமா என்று கேட்கிறான், அத்தோடு முடிந்துவிடுகிறது. ஸ்னோபால் விரட்டப்பட்ட பிறகு, காற்றாலைத் திட்டம் முதலிலிருந்தே நெப்போலியனுடையதுதான் என்று சொல்ல வரும்போது மூன்று நாய்கள் உடன் நிற்கின்றன. அவை தற்செயலாக உடன் வந்ததுபோல ஆசிரியர் எழுதும் நையாண்டியைத் தவறவிடக் கூடாது. விளக்கம் புரியவில்லை, நாய்கள் உறுமுகின்றன, விலங்குகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆக, ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு 'நம்பினார்கள்' என்ற சொல்லை எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். நம்பியதற்கும் நம்பியதாகக் காட்டிக்கொண்டதற்கும் இடையிலான கோடு அங்கேதான் அழிகிறது.

இன்னும் கூர்மையான இடம் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மனிதரோடு வணிகம் செய்வதில்லை, பணத்தைக் கையாள்வதில்லை என்று தொடக்கத்தில் தீர்மானம் போட்டதாக விலங்குகளுக்கு நினைவிருக்கிறது. அந்தத் தீர்மானம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா, கனவில் கண்டதாக இருக்குமோ என்று ஸ்க்வீலர் கேட்கிறான். எழுத்தில் இல்லை என்பதால் தங்கள் நினைவுதான் தவறு என்று அவை அடங்கிவிடுகின்றன. ஐயத்தை வெல்ல, அப்படியொரு தீர்மானமே இல்லை என்ற பொய்யோடு அவன் இங்கே நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைப் பாருங்கள். ஆவணம் எங்கே என்றும் கேட்டான். பின்னால் ஆவணம் எழுத்தில் இருக்கும்போது, அதாவது பண்ணையின் சட்டமாகச் சுவரில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய ஏழு கட்டளைகள் இருக்கும்போது, அவற்றையே இரவோடிரவாகத் திருத்திவிடுகிறான். நினைவு இருந்தால் எழுத்தைக் கேட்பதும், எழுத்து இருந்தால் அதையே மாற்றுவதும் ஆகிய இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அவன் வித்தை முழுமையாகத் தெரியும்.

எழுத்தறிவும் உயிரும்

இந்த ஆய்வில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது என்பது என் கருத்து. மூன்றாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு எழுதப் படிக்கக் கற்றது என்று ஆசிரியர் தனித்தனியாகச் சொல்கிறார். வேடிக்கைக்காகச் சொன்னதுபோல இருக்கும் அந்தப் பத்தியைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். பன்றிகள் நன்றாகப் படிக்கும். நாய்கள் ஓரளவு படிக்கும். ஆனால் ஏழு கட்டளைகளைத் தவிர வேறு எதையும் படிக்க அவற்றுக்கு விருப்பமில்லை. மியூரியல் குப்பையில் கிடைக்கும் செய்தித்தாள் துண்டுகளையும் படிக்கும். பெஞ்சமின் எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்கவல்லது. படிக்கத் தக்கது எதுவுமில்லை என்று சொல்லி அந்தத் திறனைப் பயன்படுத்துவதில்லை. குளோவருக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும். சொல்லாகக் கூட்டத் தெரியாது. பாக்ஸர் ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தைத் தாண்டவில்லை. பெண்குதிரை மோலி தன் பெயருக்குத் தேவையான எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டது.

இனி, சுவரில் கட்டளை மாறும் ஒவ்வொரு முறையும் யார் யாரிடம் போய் என்ன கேட்டார்கள் என்று தொடர்ந்து செல்லுங்கள். பன்றிகள் கட்டிலில் உறங்குவதாகக் கேள்விப்பட்டதும், நான்காம் கட்டளை அதைத் தடுக்கிறதே என்று குளோவருக்குத் தோன்றுகிறது. தானே படிக்க இயலாமல் மியூரியலை அழைக்கிறது. மியூரியல் படித்துச் சொல்கிறது. விரிப்புப் போட்ட கட்டிலில் உறங்கக்கூடாது என்றிருக்கிறது. விரிப்பைப் பற்றிய பேச்சு நினைவில் இல்லையே என்று குளோவர் எண்ணுகிறது; சுவரில் இருப்பதால் இருந்திருக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறது. கொலைகள் நடந்த பிறகு, கொலையைத் தடுக்கும் ஆறாம் கட்டளையைப் பார்க்கக் குளோவர் முதலில் பெஞ்சமினைத்தான் கேட்கிறது. இந்த விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று கழுதை மறுத்துவிடவே, மறுபடியும் மியூரியல்தான் வந்து படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று உயிர்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். குளோவரிடம் ஐயம் இருக்கிறது, படிப்பு இல்லை. மியூரியலிடம் படிப்பு இருக்கிறது, முன்பு என்ன எழுதியிருந்தது என்ற ஐயம் எழவில்லை. பெஞ்சமினிடம் படிப்பும் நினைவும் தெளிவும் இருக்கின்றன, வாய் இல்லை. ஒரு முழுமையான கேள்வி உருவாவதற்கு வேண்டிய அனைத்தும் அந்தப் பண்ணையில் இருக்கின்றன. ஆனால் மூன்று உடல்களில் பிரிந்து கிடக்கின்றன. கேள்வியை நாவல் ஒரு தனிமனிதப் பண்பாகக் காட்டுவதில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். உங்கள் கட்டுரையின் மையக் கருத்தை இங்கிருந்து எடுத்தால், அது பாத்திரப் பட்டியலாகச் சிதறிப் போகாது.

பெஞ்சமின் நாவல் முழுவதிலும் இரண்டே இரண்டு முறைதான் மற்றவர்களுக்காக வாய்விட்டுப் படிக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் பாக்ஸரை ஏற்றிச்செல்லும் வண்டியின் பக்கவாட்டில், குதிரை வெட்டிப் பசை காய்ச்சுபவரின் பெயர் எழுதியிருப்பதைப் படிப்பது முதல் முறை. அப்போதும் மியூரியல் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பின்னர்தான் அதைத் தள்ளிவிட்டுத் தான் படிக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில், கண்பார்வை மங்கிய குளோவர் கேட்டுக்கொண்டதற்காக, ஏழு கட்டளைகளும் போய் ஒரே கட்டளை மிஞ்சிய சுவரைப் படிப்பது இரண்டாம் முறை. முதல் முறை வண்டி புறப்படும் நேரம். இரண்டாம் முறை எல்லாம் முடிந்த நேரம். நள்ளிரவில் முறிந்த ஏணியும் கவிழ்ந்த வெள்ளைச் சாயமும் பக்கத்தில் கிடக்க ஸ்க்வீலர் விழுந்து கிடந்தபோது, நடந்தது என்ன என்று பெஞ்சமினுக்கு மட்டும் புரிந்தது. தலையை ஆட்டியதோடு அது நிறுத்திக்கொண்டது. அன்று படித்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசிப்பு வட்டத்தில் கேட்டுப் பாருங்கள். விவாதம் தானே சூடுபிடிக்கும். அந்த நான்கு பன்றிகளின் கதி பெஞ்சமினுக்கும் நேர்ந்திருக்கலாம் என்று எவராவது நினைவூட்டினால் அதையும் மதித்துக் கேட்க வேண்டும்.

பாக்ஸரை அப்பாவி என்று எழுதிவிடாதீர்கள்

பாக்ஸரைக் கண்மூடி நம்பியவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் கட்டுரைகள் அந்தக் குதிரைக்கு அநியாயம் செய்கின்றன. அதன் நம்பிக்கை படிப்படியாக உருவாவதை மூன்று காட்சிகளில் காணலாம். ஸ்னோபால் விரட்டப்பட்டதும் பாக்ஸர் கலங்குகிறது, காதுகளை மடக்கி, நெற்றி மயிரை உலுக்கி, ஏதோ சொல்ல முயல்கிறது, சொல் வரவில்லை. சொல் வராத அந்த வெற்றிடத்தில்தான் நெப்போலியன் எப்போதும் சரியே என்ற முழக்கம் வந்து உட்காருகிறது. இன்னும் கடுமையாக உழைப்பேன் என்ற பழைய உறுதியோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது காட்சி ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. ஸ்னோபால் தொடக்கத்திலிருந்தே எதிரியின் ஆள் என்று ஸ்க்வீலர் சொல்லும்போது, பாக்ஸர் அதை மறுக்கிறது. மாட்டுக்கொட்டகைச் சண்டையில் அவன் வீரமாகப் போரிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறது. பண்ணையில் நேர்சாட்சியை ஆட்சியின் கூற்றுக்கு எதிரே வைத்து நின்ற ஒரே உயிர் அப்போது அதுதான். ரகசிய ஆவணங்கள் இருக்கின்றன என்ற வாதத்துக்கு அது மசியவில்லை. நெப்போலியனே திட்டவட்டமாக அறிவித்துவிட்டார் என்றதும் பணிந்துவிடுகிறது. பாக்ஸர் அந்த உரையாடலை மறந்துவிடுகிறது, ஸ்க்வீலர் மறக்கவில்லை. அவன் பாக்ஸரைப் பார்த்த பார்வை கொடியதாக இருந்தது என்று ஆசிரியர் ஒரு வரி எழுதுகிறார். நான்கே நாளில் கொலைகள் நடக்கும் முற்றத்தில் மூன்று நாய்கள் பாக்ஸர்மீதும் பாய்கின்றன. நம்பிக்கை காப்பாற்றும் என்று எண்ணுபவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்: ஒருமுறை கேட்ட கேள்வியை, திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகும், ஆட்சி கணக்கில் வைத்திருந்தது.

மூன்றாவது காட்சி அடுத்த நொடியில் நிகழ்கிறது. பாக்ஸர் ஒரு நாயைக் குளம்பின் கீழ் அழுத்திப் பிடித்திருக்கிறது. உயிர் அதன் காலடியில் இருக்கிறது. கொல்வதா விடுவதா என்று அது நெப்போலியனின் முகத்தைப் பார்க்கிறது. நெப்போலியன் விடச் சொன்னதும் விட்டுவிடுகிறது. உடல் வலிமையால் பண்ணையில் எவரும் அதை வெல்ல முடியாது என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. நம்பிக்கை பாக்ஸரிடமிருந்து பறித்தது அறிவை மட்டுமன்று, தற்காப்பையும்தான் என்று எழுத விரும்பினால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கொலைகள் முடிந்த பிறகு, தவறு நம்மிடமே ஏதோ இருக்க வேண்டும் என்று சொல்லி, நாள்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து வேலை செய்யப் போவதாக அது அறிவிப்பதையும் இதனோடு சேருங்கள்.

பிழைத்தல் என்றால் என்ன

தமிழில் பிழைத்தல் என்ற ஒரே வினைக்கு உயிர்தப்புதல், வயிறு வளர்த்தல், தவறு செய்தல் என்ற மூன்று பொருள்களும் உண்டு. இந்த நாவலைத் தமிழில் விவாதிப்பவருக்கு இது ஓர் அருமையான வாய்ப்பு. யார் எந்தப் பொருளில் பிழைத்தார்கள் என்று பிரிக்கலாம். ரிப்பனுக்கும் சர்க்கரைக் கட்டிக்கும் ஆசைப்பட்டு ஐந்தாம் அத்தியாயத்தில் ஓடிப்போன மோலி, பரப்புரையை எதிர்த்து ஓடவில்லை. பரப்புரை அதன் காதில் ஏறவே இல்லை. வேறொரு முதலாளியின் வண்டியில் பூட்டப்பட்டு மகிழ்ச்சியாக இருந்ததாகப் புறாக்கள் சொல்கின்றன. அதன் பிறகு அதன் பெயரை எவரும் எடுப்பதில்லை. பெஞ்சமின் உயிர்தப்பியது, ஆனால் பாக்ஸரின் சாவுக்குப் பிறகு முன்னைவிட முகம் சுளித்து, பேச்சுக் குறைந்து போனது. குளோவர் ஓய்வுபெறும் வயதைத் தாண்டி இரண்டு ஆண்டுகள் ஆகியும் உழைக்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்கென்று பேசப்பட்ட புல்வெளி எப்போதோ வாற்கோதுமை வயலாகிவிட்டது. அந்தப் பண்ணையில் எந்த விலங்கும் ஓய்வு பெற்றதே இல்லை என்று ஆசிரியர் சொல்கிறார்.

குளோவரின் ஐயம் எங்கே தேங்கியது என்பதை ஏழாம் அத்தியாயத்தின் குன்றுக் காட்சியில் காணலாம். கொலைகளுக்குப் பிறகு விலங்குகள் அதைச் சுற்றி நெருங்கிப் படுத்திருக்கின்றன. தாங்கள் விரும்பியது இதையல்ல என்று அதற்குத் தெரிகிறது. அதைச் சொல்லச் சொற்கள் இல்லை. சொற்களுக்கு ஈடாகப் புரட்சிப் பாடலைப் பாடத் தொடங்குகிறது. மூன்றாம் முறை பாடி முடித்ததும் ஸ்க்வீலர் வந்து அந்தப் பாடலே இனித் தடை என்று அறிவிக்கிறான். ஐயத்துக்கு எஞ்சியிருந்த கடைசி வடிவமும் அன்று பறிபோனது.

வரலாற்றை இரண்டாவதாகக் கொண்டு வாருங்கள்

மேஜர் மார்க்ஸ், நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி என்று முதல் பக்கத்திலேயே அட்டவணை போட்டுவிட்டால், வாசகர் அட்டவணையைப் படிப்பாரே தவிரக் கதையைப் படிக்க மாட்டார். அதனால் வரலாற்றுக்கு இரண்டாம் இடம் கொடுங்கள். ஆனால் கட்டாயம் கொடுங்கள். நம்பியவர்கள் பிழைத்தார்களா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை கதையைவிடக் கடுமையானது. 1934 இல் கூடிய சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 17 ஆவது மாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பின்னர் கைது செய்யப்பட்டதாகவும், அங்கே தேர்வான மத்தியக் குழுவின் 139 பேரில் 98 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதாகவும் 1956 இல் அப்போதைய கட்சித் தலைவர் குருஷேவ் தம் கட்சியினர் முன்பே அறிவித்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்ப்பாளர்கள் அல்லர். வென்றவர்களின் மாநாடு என்று பெயர்பெற்ற கூட்டத்தில் கைதட்டியவர்கள். 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ விசாரணைகளில் ஜினோவியேவ், காமனேவ், புகாரின் போன்ற முன்னாள் தலைவர்கள் பொதுவெளியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மாண்டார்கள். ஏழாம் அத்தியாயத்தின் முற்றத்தை இதனோடு வைத்துப் படிக்கலாம். மோசஸ் திரும்பி வருவதை, போர் நடுவில் 1943 இல் ஸ்டாலின் மரபுவழித் திருச்சபைக்குத் தலைமைக் குருவைத் தேர்ந்தெடுக்க இசைவு தந்ததோடு வைத்துப் படிக்கலாம்.

ஆசிரியரைப் பற்றியும் இரண்டு செய்திகள் போதும். பீகாரின் மோதிஹாரியில் 1903 இல் பிறந்த ஆர்வெல், 1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழைப் பிரிவில் இந்தியாவுக்கான போர்க்கால ஒலிபரப்புகளைத் தயாரிப்பவராக இருந்தார். அதாவது பரப்புரைக் கூடத்தின் உட்புறத்தை அறிந்தவர். அந்த வேலையை விட்ட உடனேயே இந்த நாவலை எழுதத் தொடங்கினார். சோவியத் யூனியன் பிரிட்டனின் நட்பு நாடாக இருந்த வேளையாதலால் பல பதிப்பகங்கள் அதை மறுத்தன. ஸ்க்வீலரின் பேச்சில் இருக்கும் அலுவலக வாடை, குறைப்பு என்று சொல்லாமல் சீரமைப்பு என்று சொல்லும் அந்தச் சாதுரியம், எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

எழுதும்போது

மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி அதை உங்கள் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 'கேள்வி கேட்பவரே பிழைப்பார்' என்று எழுதினால் நான்கு பன்றிகள் குறுக்கே நிற்கும். 'மௌனமே காக்கும்' என்று எழுதினால் ஒன்றும் செய்யாமலே மாண்ட வாத்தும் ஆடும் குறுக்கே நிற்கும். 'பண்ணையில் ஐயம் தனித்தனியாக எழுந்து தனித்தனியாக அடக்கப்பட்டதால், அது எவரையும் காக்கவில்லை' என்பது போன்ற வாக்கியத்துக்குப் பதிவேடு இடம் கொடுக்கும். அதற்கும் விதிவிலக்கு உண்டா என்று தேடிப்பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஐந்தாம் அத்தியாயத்திலும் ஆறாம் அத்தியாயத்திலும் அந்த நான்கு பன்றிகள் குரல் எழுப்பிய உடனே நடந்ததை வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: நாய்களின் உறுமல், அதன் பின் ஆடுகளின் முழக்கம். உறுமல் பேசியவரை அடக்குகிறது. முழக்கம் கேட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைத் தடுக்கிறது. முதல் முறை அந்தக் கத்தல் ஏறக்குறைய கால் மணி நேரம் நீடித்தது.

வாசிப்பு வட்டத்தில் நேரம் மிஞ்சினால் ஒன்பதாம் அத்தியாயத்தின் வண்டிக் காட்சியை உரக்கப் படிக்க வையுங்கள். ஒருவர் பெஞ்சமினாக இருக்கட்டும். மற்றவர்கள் எல்லோரும் வண்டியைச் சூழ்ந்து பாக்ஸருக்கு மகிழ்ச்சியோடு விடைகொடுக்கும் விலங்குகளாக இருக்கட்டும். முட்டாள்களே என்று பெஞ்சமின் கத்தும் வரைக்கும் அவர்கள் கையசைப்பதை நிறுத்தக் கூடாது. அதன் பிறகு மூன்று நாள் கழித்து ஸ்க்வீலர் வந்து, மருத்துவர் அந்த வண்டியைக் குதிரை வெட்டுபவரிடமிருந்து விலைக்கு வாங்கியதாகவும் பழைய பெயரை அழிக்கத் தவறிவிட்டதாகவும் சொல்லும் பகுதியை, அதே கூட்டத்திடம் படித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் முகத்தில் ஒரு கணம் நிம்மதி தெரிகிறது என்று கவனியுங்கள்.